கேஒய்சி கேட்காத வங்கி

ஓசிச் சோறு என்றாலே நம்மவர்களுக்கு ஒரு கூச்சம். வேலை தேடியோ, பரீட்சை எழுதவோ, எய்ம்ஸில் வைத்தியம் பார்க்கவோ டெல்லிக்கு வருகிறவர்கள், கையில் காசு குறைந்தால் ஒரு வேளை பட்டினி கிடப்பார்களே தவிர குருத்வாராவில் போய்ச் சாப்பிடத் தயங்குவார்கள். "நாம என்ன பிச்சைக்காரங்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குச் சீக்கியர்கள் சுமார் 500 வருடங்களுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள்.

லங்கர் எனப்படும் பொதுச் சமையலறையைத் தொடங்கி வைத்தவர் குரு நானக் (1469-1539). அடுத்து வந்த குரு அங்கத்தின் மனைவி மாதா கீவி அதைப் பொறுப்பாக நடத்தினார். அவருடைய லங்கரின் நெய்ப் பாயசத்தைக் குரு கிரந்த் சாஹிபே குறிப்பிடுகிறது. மூன்றாவது குருவான அமர்தாஸ், கோயிந்தவாலில் ஒரு விதியே போட்டார்: முதலில் பந்தி, பிறகுதான் தரிசனம். அக்பர் பாதுஷாவும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகே குருவைப் பார்த்தார் என்பது சீக்கிய மரபு.

சாதிக்கொரு பந்தி போட்ட காலம் அது. அங்கே எல்லோருக்கும் ஒரே வரிசை. இல்லாதவனுக்கு மட்டும் போடும் சோறாக இருந்தால்தானே வாங்குகிறவன் கூச வேண்டும்? எல்லோரும் உட்காரும் பந்தியில் யார் ஏழை என்று யாருக்குத் தெரியும்?

சரி, வங்கிக்காரனின் கேள்விக்கு வருவோம். பணம் எங்கிருந்து வந்தது? தஸ்வந்த், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. அதை ஊர் ஊராக வசூலிக்க மசந்துகள் என்ற பிரதிநிதிகள் இருந்தார்கள். நாளடைவில் அவர்களில் பலர் வசூலைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் குரு கோவிந்த் சிங் அந்த ஏற்பாட்டையே ஒழித்துவிட்டு, காணிக்கையை நேரே கொண்டுவரச் சொன்னார். ஆடிட் என்றால் இதுவல்லவா ஆடிட்!

2017ல் ஜிஎஸ்டி வந்தபோது லங்கருக்கு வாங்கும் நெய்க்கும் சர்க்கரைக்கும் வரி விழுந்தது. குருத்வாராக்கள் குரல் எழுப்பின. 2018ல் மத்திய அரசு சேவா போஜ் திட்டத்தை அறிவித்தது. மாதம் குறைந்தது 5000 பேருக்கு இலவச உணவளிக்கும் கோயில், குருத்வாரா, மசூதி, தேவாலயங்களுக்கு, குறிப்பிட்ட சமையல் பொருட்களின் மீதான ஜிஎஸ்டியில் மத்திய அரசின் பங்கைத் திருப்பித் தரும் திட்டம் அது.

நமக்கும் இது புதிதல்ல. வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23ல். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சரியாக நூறு வருடம் கழித்து, 1967ல், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் உலகின் முதல் உணவு வங்கியைத் தொடங்கினார். மிஞ்சியதை ஒருவர் போடலாம், தேவைப்பட்டதை இன்னொருவர் எடுக்கலாம் என்பதுதான் கணக்கு.

எங்கள் வங்கியில் கணக்குத் தொடங்க அடையாளச் சான்று, முகவரிச் சான்று எல்லாம் வேண்டும். லங்கரில் பெயரைக்கூடக் கேட்பதில்லை. 2020 ஊரடங்கில் வேலையிழந்து நின்ற ஆயிரக்கணக்கானோருக்கு டெல்லி குருத்வாராக்கள் சோறு போட்டபோதும் ரேஷன் கார்டு எந்த மாநிலத்தது என்று கேட்கவில்லை. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இதன் அருமை தெரியும்.

கன்னாட் பிளேஸிலிருந்து பங்களா சாஹிப் நடக்கும் தூரம்தான். செருப்பை வெளியே விட்டு, தலையைத் துணியால் மூடிக்கொண்டு போய் வரிசையில் உட்காருங்கள். ரொட்டியை இரு கைகளையும் நீட்டி வாங்க வேண்டும். எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், வீணாக்கக் கூடாது.

சம்பளம் வந்த மாதம் கோதுமை மாவோ, பருப்போ, எண்ணெயோ வாங்கிக்கொண்டு போங்கள். அதற்கும் வசதியில்லையா? ரொட்டி தேய்க்கவும் பாத்திரம் கழுவவும் அங்கே எப்போதும் ஆள் தேவை. பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். இன்று வாங்கும் கைதான் நாளை பரிமாறும் கை என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.