மெட்மன்ஹாம் வான்படப் பகுப்பாய்வு மையம்

மெட்மன்ஹாம் மையம் என்பது இரண்டாம் உலகப் போரின்போது, பகைவர் ஆண்ட ஐரோப்பாவின் மீது பறந்த நேச நாட்டு விமானங்கள் எடுத்துவந்த ஒளிப்படங்களை ஆராய்ந்து, அவற்றிலிருந்து உளவுச் செய்தி திரட்டித் தந்த பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவாகும். இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் மார்லோ நகருக்கு அருகே, தேம்ஸ் ஆற்றங்கரையில் சோப்பு வணிகத்தில் செல்வம் சேர்த்த குடும்பம் ஒன்று கட்டிய டேன்ஸ்ஃபீல்டு மாளிகையில் 1941 ஏப்ரல் முதல் இது இயங்கியது. மத்தியப் பகுப்பாய்வுப் பிரிவு என்பது இதன் அலுவல் பெயர். அமெரிக்கப் படையினரும் இணைந்து பணியாற்றிவந்த நிலையில், 1944 மே மாதத்தில் இது நேச நாட்டு மத்தியப் பகுப்பாய்வுப் பிரிவு எனப் பெயர் மாற்றப்பட்டது.

தோற்றம்

போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் விமானப்படை பகைப்புலத்தைப் படமெடுக்கப் பெரும்பாலும் பிளென்ஹெய்ம் வகைக் குண்டுவீச்சு விமானங்களையே நம்பியிருந்தது. வேகம் குறைந்த அவை எளிதில் வீழ்த்தப்பட்டன. 1939 ஆகஸ்டில் மோரிஸ் லாங்பாட்டம் என்ற இளம் அதிகாரி அளித்த குறிப்பு இதற்கு மாற்று வழியைச் சொன்னது: ஸ்பிட்பயர் சண்டை விமானத்திலிருந்து துப்பாக்கிகளையும் வானொலியையும் கழற்றிவிட்டு, அந்த எடைக்கு ஈடாகக் கூடுதல் எரிபொருளும் கேமராவும் ஏற்றினால், அது எதிர்த்துப் போரிட வேண்டிய தேவையே இல்லாமல் உயரத்தையும் வேகத்தையும் கொண்டு தப்பிவிடும். இந்த எண்ணத்தைச் செயலாக்கியவர் ஆஸ்திரேலியரான சிட்னி காட்டன். போருக்கு முன்பே பிரிட்டிஷ் உளவுத்துறைக்காக, வணிகர் என்ற போர்வையில் லாக்ஹீடு விமானமொன்றில் ஜெர்மனியின் மேல் பறந்து ரகசியமாகப் படமெடுத்த அனுபவம் அவருக்கு இருந்தது. ஹெஸ்டன் விமானத்தளத்தில் அவர் உருவாக்கிய சிறு குழுவின் முதல் ஸ்பிட்பயர் பறப்பை 1939 நவம்பர் 18 அன்று பிரான்சிலிருந்து லாங்பாட்டமே மேற்கொண்டார். விதிகளை மதிக்காத காட்டனை மேலதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. 1940 ஜூனில் அவர் விலக்கப்பட்டார். அவருடைய முறைகளை மட்டும் விமானப்படை விட்டுவிடவில்லை.

படமெடுப்பதில் ஏற்பட்ட வேகத்துக்குப் படத்தைப் படிப்பவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. மிக உயரத்திலிருந்து எடுத்த படங்களின் சிறிய அளவு இராணுவ ஆய்வாளர்களைத் திணறடித்தபோது, வெம்பிளியில் இயங்கிய தனியார் நில அளவை நிறுவனமொன்றிடம் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட வில்டு அளவைக் கருவி இருந்தது பெரிதும் உதவியது. அங்கு பணியாற்றிய மைக்கேல் ஸ்பெண்டர், கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டரின் அண்ணன், போர்க்கப்பல்களின் நீளத்தை அந்தக் கருவியால் துல்லியமாக அளந்து காட்டிய பிறகு நிறுவனமே படைக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டது. 1940 இலையுதிர் காலத்தில் குண்டுவீச்சு வெம்பிளியையும் தொட்டதால் மெட்மன்ஹாமுக்கு இடம்பெயர நேர்ந்தது.

வேலைமுறை

வான்படப் பகுப்பாய்வின் அடிப்படை எளியது. விமானத்தின் அடிவயிற்றில் செங்குத்தாகப் பொருத்திய கேமரா, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை மீண்டும் உள்ளடக்குமாறு சீரான இடைவெளியில் எடுத்துச் செல்லும். அடுத்தடுத்த இரண்டு அச்சுகளை அருகருகே வைத்து, ஸ்டீரியோஸ்கோப் எனப்படும் இரு வில்லைகள் கொண்ட சிறு கருவியின் வழியே இடக்கண் ஒன்றையும் வலக்கண் மற்றொன்றையும் பார்க்கும்போது, தட்டையான காகிதத்திலிருந்து கட்டடங்களும் மரங்களும் மேலெழுந்து நிற்பதாகத் தோன்றும். இரு படங்களும் எடுக்கப்பட்ட இடங்களுக்கு இடையிலான தொலைவு மனிதக் கண்களின் இடைவெளியைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால் இந்த உயரம் மிகைப்பட்டே தெரியும். ஆய்வாளருக்கு அதுவே வசதி. 36 அங்குலக் குவியத்தூரம் உள்ள வில்லையைக் கொண்டு 30,000 அடி உயரத்திலிருந்து எடுத்த படம் 10,000-இல் ஒரு பங்கு அளவில் அமையும், அதாவது படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 10 மீட்டர். படமெடுத்த நாளும் நேரமும் இடத்தின் அட்சரேகையும் தெரிந்தால் நிழலின் நீளத்திலிருந்து ஒரு கோபுரத்தின் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

பணி மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கப்பல் புறப்பட்டுவிட்டதா, ஓடுதளத்தில் விமானங்கள் கூடியிருக்கின்றனவா என்பன போன்ற அவசரச் செய்திகள் விமானம் தரையிறங்கிய சில மணி நேரத்துக்குள் தளத்திலேயே எடுக்கப்பட்டன. ஒரு நாளைக்குள் அன்றைய படங்கள் அனைத்தும் ஒருசேரப் பார்க்கப்பட்டன. மூன்றாம் கட்டத்தில் விமானங்கள், தொழிற்சாலைகள், ரேடார், உருமறைப்பு எனத் தனித்தனிப் பிரிவுகள் வாரக்கணக்கில் ஆழ்ந்து ஆய்ந்தன. இந்த மூன்றாம் கட்டமே மையத்தின் உயிர்நாடி. ஒரே இடத்தைப் பல மாதங்களில் எடுத்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தவருக்கே புதிதாக முளைத்த ஒற்றையடிப் பாதை கண்ணில் படும் என்பதால், தனிப்படத்தைவிடப் படக்கிடங்குக்கே மதிப்பு அதிகமாக இருந்தது. 1945-இல் நாளொன்றுக்குச் சராசரியாக 25,000 நெகட்டிவ்களும் 60,000 அச்சுகளும் வந்து சேர்ந்தன.

பணியாளர் தேர்வு இராணுவ வழக்கத்துக்குப் புறம்பானது. தொல்லியலாளர்கள் டொரத்தி கேரட், கிளின் டேனியல், நிலவியலாளர்கள், ஓவியர்கள் முதலியோர் சேர்க்கப்பட்டனர். மண்ணின் நிறமாற்றத்தைக் கொண்டு புதையுண்ட சுவரைக் கண்டுபிடிக்கப் பழகிய கண்ணுக்கு மூடி மறைத்த பீரங்கி மேடையும் தப்பவில்லை. டேனியல் பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு அங்கு வான்படப் பகுப்பாய்வுப் பணிக்குப் பொறுப்பேற்றார். அதே பணிக்காக இந்தியாவில் இருந்த மற்றொரு தொல்லியலாளரான ஸ்டூவர்ட் பிகாட், அங்கிருந்த காலத்தில் கொண்ட ஈடுபாட்டின் விளைவாக 1950-இல் இந்தியத் தொல்பழங்காலம் பற்றிய நூலை வெளியிட்டார். மகளிர் துணை விமானப்படையைச் சேர்ந்த பெண்கள் ஆண்களுக்கு நிகராகப் பகுப்பாய்வுப் பணியாற்றினர். பிரதமர் சர்ச்சிலின் மகள் சாராவும் அவர்களில் ஒருவர்.

செய்திகளும் கசப்பான உண்மைகளும்

1941 மே 21 அன்று விமானி மைக்கேல் சக்ளிங் நார்வே நாட்டு பெர்கன் அருகே எடுத்த படத்தில் பிஸ்மார்க் போர்க்கப்பல் அடையாளம் காணப்பட்டது. அதைத் தொடர்ந்த வேட்டையில் அக்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 1941 டிசம்பரில் டோனி ஹில் பிரான்சின் புரூனவால் கடற்கரையில் தாழப் பறந்து பக்கவாட்டில் எடுத்த படம், வூர்ட்ஸ்புர்க் என்ற ஜெர்மானிய ரேடாரின் வடிவத்தைக் காட்டியது. மூன்று மாதங்களுக்குள் பாரசூட் படையினர் இறங்கி அதன் பாகங்களைக் கழற்றிக்கொண்டு வந்தனர்.

இவை பெருமைப்படத்தக்கவை. தன் தரப்பைப் பற்றிய கசப்பான உண்மைகளையும் படங்கள் சொல்லவே செய்தன. கெல்சன்கிர்ஷென் நகரின் இரண்டு எண்ணெய் ஆலைகளை அழித்துவிட்டதாகக் குண்டுவீச்சு விமானிகள் நம்பியிருந்த நேரத்தில், 1940 டிசம்பரில் எடுத்த படங்களில் அவை பெரிய சேதமின்றி நின்றன. 1941 ஆகஸ்டில் வெளியான பட் அறிக்கை, இலக்கைத் தாக்கியதாகக் கூறிய விமானங்களில் மூன்றில் ஒன்றே இலக்கிலிருந்து ஐந்து மைல் எல்லைக்குள் குண்டு வீசியது என்று ஒளிப்படச் சான்றுடன் காட்டியபோது, குண்டுவீச்சுப் படைத் தலைமை அதை ஏற்க மறுத்ததில் வியப்பில்லை.

பெனமுண்டே

மையத்தின் மிகப் பெரிய பணி, பால்டிக் கடற்கரையில் இருந்த பெனமுண்டே என்ற ஜெர்மானிய ராக்கெட் ஆய்வுத்தளம் தொடர்பானது. 1942 மே 15 அன்று, வேறு இலக்குகளுக்காகச் சென்ற ஸ்பிட்பயர் ஒன்று வழியில் எடுத்த படங்களில் விளங்காத வட்ட வடிவ மண்மேடுகள் தெரிந்தன. அப்போது அவற்றுக்குப் பொருள் காணாமல் படங்கள் கிடங்கில் வைக்கப்பட்டன. ஓராண்டு கழித்து, ராக்கெட் பற்றிய செய்திகள் பிற வழிகளில் கசிந்த பிறகே அவை மீண்டும் எடுத்துப் பார்க்கப்பட்டன. 1943 ஜூன் 12 அன்று எடுத்த படமொன்றில் ரயில் வண்டியொன்றின் மேல் கிடந்த ராக்கெட்டை அடையாளம் கண்டவர் மெட்மன்ஹாமைச் சேராத அறிவியல் அறிஞர் ஆர். வி. ஜோன்ஸ் என்பது மையத்தாருக்கு உவப்பான செய்தியாக இருந்திருக்காது. 1943 ஆகஸ்ட் 17 இரவு 596 விமானங்கள் அத்தளத்தைத் தாக்கின. அவற்றில் 40 திரும்பவில்லை.

ராக்கெட்டுடன், வி-1 எனப்படும் விமானியில்லாப் பறக்கும் குண்டும் உருவாகிவந்தது. வடபிரான்சில் பனிச்சறுக்குக் கட்டையைப் போல முனை வளைந்த நீண்ட கட்டடங்கள் பல இடங்களில் எழும்புவதை 1943 நவம்பரில் ஆய்வாளர்கள் கண்டனர். அங்கிருந்த சாய்தளங்கள் லண்டனை நோக்கியிருந்தன, ஆனால் அவற்றிலிருந்து ஏவப்படுவது எது என்பது தெரியவில்லை. விமானப் பிரிவுக்குத் தலைமை வகித்த கான்ஸ்டன்ஸ் பேபிங்டன் ஸ்மித், போருக்கு முன் விமான இதழொன்றில் எழுதியவர். நவம்பர் 28 அன்று ஜான் மெரிஃபீல்டு மொஸ்கிட்டோ விமானத்தில், மேகம் மூடிய பெர்லினைக் கைவிட்டுப் பால்டிக் கரைக்குத் திரும்பி எடுத்த படங்களை ஆராய்ந்த ஸ்மித், பெனமுண்டேயின் சாய்தளமொன்றில் சிலுவை வடிவில் ஒரு சிறு புள்ளியைக் கண்டார். இறக்கையின் அகலம் ஐந்தரை மீட்டரைக்கூட எட்டாத அப்பொறி படத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே தெரிந்தது. பிரான்சின் கட்டடங்கள் எதற்காக என்ற கேள்விக்கு அதுவே விடையாயிற்று. அவற்றின் மீது தொடர்ந்து குண்டு வீசப்பட்டதால் ஜெர்மானியர் எளிய அமைப்புகளுக்கு மாற வேண்டியதாயிற்று. லண்டன் மீதான வி-1 தாக்குதல் 1944 ஜூன் வரை தள்ளிப்போனது.

பார்த்தும் காணாதவை

ஆய்வாளர் தேடச் சொன்னதையே தேடினார். 1944 ஏப்ரல் 4 அன்று இத்தாலியின் ஃபோஜாவிலிருந்து சென்ற தென்னாப்பிரிக்க விமானப்படையின் 60-ஆம் பிரிவு மொஸ்கிட்டோ ஒன்று, மோனோவிட்ஸ் என்ற இடத்தில் இருந்த செயற்கை ரப்பர், எரிபொருள் ஆலையைப் படமெடுத்தது. மையத்தில் ஆலையின் கொதிகலன்களும் கட்டுமான நிலையும் கவனமாகக் குறிக்கப்பட்டன. அதே படச்சுருளில் இருந்த ஆஷ்விட்ஸ் வதைமுகாம் கருத்தைக் கவரவில்லை. அந்த ஆண்டின் பின்னைய பறப்புகளில் பிர்கெனாவின் வாயு அறைகளும் தகன உலைகளுங்கூடப் பதிவாகியிருந்தன. கேள்வி எண்ணெயைப் பற்றியதாக இருந்ததால் விடையும் எண்ணெயைப் பற்றியதாகவே இருந்தது. அமெரிக்க உளவு நிறுவன ஆய்வாளர்கள் டினோ புருஜியோனியும் ராபர்ட் பாரியரும் 1979-இல் அப்படங்களை மறுபடி ஆராய்ந்து வெளியிட்ட பிறகே அவற்றின் முழுப்பொருளும் உலகுக்குத் தெரிந்தது.

போருக்குப் பின்

போர் முடிந்தபின் மையம் முப்படைகளுக்கும் பொதுவான அமைப்பாக மாற்றப்பட்டு, 1950-களில் கேம்பிரிட்ஜுக்கு வடமேற்கே உள்ள பிராம்டன் தளத்துக்கு இடம்பெயர்ந்தது. டேன்ஸ்ஃபீல்டு மாளிகை இன்று ஓட்டல். போர்க்கால அச்சுகளின் பெருந்தொகுதி கீல் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் இருந்து, பின்னர் எடின்பரோவில் உள்ள தேசிய வான்படத் தொகுப்புக்குச் சென்றது. ஜெர்மனியில் கட்டடப் பணி தொடங்குமுன் வெடிக்காமல் மண்ணுக்குள் கிடக்கும் குண்டுகள் இருக்கின்றனவா என்று ஆராய்வதற்கு நேச நாட்டு வான்படங்கள் இன்றும் வாங்கப்படுகின்றன. பெரிய வெடிப்பள்ளங்களுக்கு நடுவே காணப்படும் சிறிய துளையொன்று, அங்கு இறங்கிய குண்டு வெடிக்கவில்லை என்பதற்கான அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.