மருத்துவமனை நோயாளிகளிடையே இன்புளுயன்சா: பரவலையும் எதிர்ப்பாற்றலையும் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு

முன்னுரை

செஞ்சிக்கு வடக்கே, பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் சிங்கவரத்தைச் சேர்ந்த ஒருவருக்குக் கடுமையான நோய் கண்டால், அவருக்கான சிகிச்சை செஞ்சி அரசு மருத்துவமனையில் தொடங்கி, நோயின் தன்மைக்கேற்ப முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி எனப் பெரிய நிறுவனங்களை நோக்கி நகர்கிறது. பல ஊர்களிலிருந்தும் இவ்வாறு வந்து சேரும் சிறுநீரகம் பழுதுற்றோர், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர், முதியோர், குறைமாதக் குழந்தைகள் ஆகியோர் உடலின் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியிருக்கும் நேரத்தில்தான் ஒரே கூரையின் கீழ்த் தங்குகின்றனர். இத்தகையோரிடையே இன்புளுயன்சா பரவும் முறையும், அதற்கு அவர்தம் உடல் ஆற்றும் எதிர்வினையும் கடந்த நூறாண்டில் எவ்வாறு படிப்படியாக அறியப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நோயாளியின் உடலால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத நிலையில், அந்தக் காப்பை அவர் சுவாசிக்கும் காற்றும் அவரைச் சூழ்ந்திருக்கும் மனிதர்களுமே அளிக்க வேண்டும் என்னும் முடிவுக்கே இவ்வரலாறு முழுவதும் இட்டுச் செல்கிறது.

1918: காரணம் அறியப்படாத கொள்ளைநோய்

1918ஆம் ஆண்டின் கோடையில் பம்பாய்த் துறைமுகத்தில் தலைகாட்டிய இன்புளுயன்சா, செப்டம்பர் முதல் எழுந்த இரண்டாம் அலையில் இரயில் பாதைகளையும் படைவீரர்களின் நடமாட்டத்தையும் ஒட்டி நாடெங்கும் பரவியது. பிரிட்டிஷ் இந்தியாவில் மாண்டோர் தொகையைப் பிற்கால ஆய்வாளர்கள் பலர் 1.2 கோடிக்கும் 1.8 கோடிக்கும் இடைப்பட்டதாகக் கணிக்கின்றனர். பம்பாய், மத்திய மாகாணங்களோடு ஒப்பிடச் சென்னை மாகாணத்தின் இழப்பு குறைவே எனினும், அது எவ்வகையிலும் சிறியதன்று. செஞ்சி அன்று தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சென்னையிலிருந்து விழுப்புரம் நோக்கிச் செல்லும் இரயில் பாதையில் அமைந்த திண்டிவனமே அவ்வட்டாரத்துக்கு அருகிலிருந்த நிலையம்; இரயில் வழிப் பரவிய நோய் அங்கு எட்டக்கூடிய வாயிலும் அதுவே.

அக்காலத்தில் இந்நோய்க்குக் காரணம் 1892இல் பெய்ஃபர் விவரித்த பாக்டீரியாவே என மருத்துவர் பலரும் நம்பினர். அந்நம்பிக்கை தவறானது. எனினும் வைரசால் புண்பட்ட சுவாசப்பாதையில் பின்னர்க் குடியேறும் பாக்டீரியாக்களே நிமோனியாவை உண்டாக்கிப் பெரும்பாலான இறப்புகளுக்கு வழிவகுத்தன என்பது பிற்காலத் திசு ஆய்வுகளால் உறுதிப்பட்டது. எனவே, நெருக்கமாகக் கிடத்தப்பட்ட நோயாளிகள் ஒருவருக்கொருவர் வைரசை மட்டுமன்றி, அதைத் தொடர்ந்து உயிரைப் பறிக்கும் பாக்டீரியாவையும் கொடுத்து வாங்கினர் எனக் கருத இடமுண்டு.

1933–1957: எதிர்ப்பாற்றலை அளக்கும் கருவிகள்

1933இல் இலண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவரும் ஃபெரெட் எனப்படும் சிறு ஊனுண்ணி விலங்கின் உதவியால் மனித இன்புளுயன்சா வைரசை முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். இவ்வைரசின் மேற்புறத்தில் உள்ள ஹெமக்ளூட்டினின் என்னும் புரதம் சுவாசப்பாதைச் செல்களில் ஒட்டிக்கொள்ளவும், நியூராமினிடேஸ் என்னும் நொதி புதிதாக உருவான வைரசுகள் அச்செல்லைவிட்டு விடுபடவும் உதவுகின்றன. முதல் புரதம் கோழியின் சிவப்பணுக்களையும் ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் என்பதை 1941இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட் கண்டார். நோயுற்று மீண்டவரின் இரத்தநீரிலுள்ள எதிர்ப்பொருள், அதாவது குறிப்பிட்ட கிருமியைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் புரதம், அவ்வொட்டுதலைத் தடுக்கிறது. ஆகவே, இரத்தநீரை எத்தனை மடங்கு நீர்க்கும்வரை அத்தடை நீடிக்கிறது என்று பார்ப்பதன் மூலம் ஒருவரின் எதிர்ப்பாற்றலை எண்ணால் குறிப்பிட முடிந்தது. நலமுள்ள பெரியோரில் 40 மடங்கு நீர்த்த பின்னும் தடை நீடித்தால், நோய்த்தொற்றின் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பதே இன்றும் தடுப்பூசி ஆய்வுகளில் கையாளப்படும் அளவுகோலாகும்.

எதிர்ப்பொருள் உருவாகப் பல நாட்கள் ஆகும். அதற்கு முன்பே உடல் செயல்படும் விதத்தை 1957இல் ஐசக்ஸ், லிண்டென்மன் ஆகியோரின் கண்டுபிடிப்பு விளக்கியது. இன்புளுயன்சா வைரசைக் கொண்டு ஆய்ந்த அவர்கள், தொற்றுக்குள்ளான செல்கள் அண்டைச் செல்களை எச்சரிக்கும் ஒரு பொருளைச் சுரப்பதைக் கண்டு அதற்கு இன்டர்ஃபெரான் எனப் பெயரிட்டனர். இவ்வாறு உடனே எழும் உள்ளார்ந்த எதிர்ப்பு, தொற்றிய செல்களை இனங்கண்டு அழிக்கும் டி செல்கள், மீண்டும் தொற்றாமல் காக்கும் எதிர்ப்பொருள் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து இயங்கினால்தான் ஒருவர் முழுமையாக நலமடைகிறார்.

1957: சென்னைத் துறைமுகமும் லிவர்மோர் மருத்துவமனையும்

ஆசிய இன்புளுயன்சா எனப்பட்ட எச்2என்2 வகை வைரஸ், 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பலொன்றின் வழியாக இந்தியாவில் நுழைந்தது. 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தில் இயங்கிய இன்புளுயன்சா மையம் இவ்வைரசைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது. சில வாரங்களிலேயே நாடு முழுவதும் பரவிய இந்நோயால் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாக்குண்டதாகவும், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் பதிவாயிற்று. 1918இல் காரணமறியாத் துன்பமாக வந்த நோய், இம்முறை தமிழகத்து ஆய்வுக்கூடமொன்றிலேயே அடையாளம் காணப்பட்டது.

அதே கொள்ளைநோய்க் காலத்தில் கலிபோர்னியாவின் லிவர்மோரிலிருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் கிடைத்த சான்று, பரவும் வழியைப் பற்றிய சிந்தனையை மாற்றியது. அங்கிருந்த காசநோயாளிகளில் ஒரு பகுதியினர் தங்கிய கட்டடத்தில் மேற்புறக் காற்றைத் தூய்மையாக்கும் புறஊதா விளக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. மற்றக் கட்டடங்களில் அவை இல்லை. விளக்குள்ள கட்டடத்தில் சுமார் 2 விழுக்காட்டினருக்கும், விளக்கில்லாதவற்றில் சுமார் 19 விழுக்காட்டினருக்கும் இன்புளுயன்சா தொற்றியது. இரு பிரிவினருமே நுரையீரல் நலிந்தவர்களாக இருந்தமையால், இவ்வேறுபாட்டை நோயாளிகளின் உடல்நிலையைக் கொண்டு விளக்க இயலாது. இருமும்போது தெறிக்கும் பெருந்துளிகள் அருகிலேயே வீழ்ந்துவிட, நீர் ஆவியாகிச் சுருங்கிய நுண்துகள்கள் காற்றில் நெடுநேரம் மிதக்கும் என 1934இல் வில்லியம் வெல்ஸ் முன்வைத்த கருத்துக்கு இது வலுவூட்டியது. சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய காசநோய்ச் சானடோரியம், நோயாளியைத் திறந்த காற்றில் வைத்துப் பேண வேண்டும் என்னும் நெறியை இதற்கு முன்னரே தமிழகத்துக்கு அறிமுகப்படுத்தியிருந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

குன்றிய எதிர்ப்பாற்றலும் நீடிக்கும் தொற்றும்

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் சிறுநீரக மாற்றும், 1986இல் எலும்பு மச்சை மாற்றும் தொடங்கியபின், முன்பிருந்திராத ஒரு வகை நோயாளர் தமிழகத்து மருத்துவமனைகளில் உருவாயினர். பொருத்தப்பட்ட உறுப்பை உடல் புறந்தள்ளாதிருக்க இவர்களுடைய டி செல்கள் மருந்தால் வேண்டுமென்றே அடக்கப்படுகின்றன. எலும்பு மச்சை மாற்றுக்கு முன்போ எதிர்ப்பணுக்களை உருவாக்கும் திசுவே பெருமளவு அழிக்கப்படுகிறது. நலமுள்ள பெரியவர் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை வைரசை வெளியேற்றும்போது, இவர்கள் வாரக்கணக்கிலும், சிலவேளை மாதக்கணக்கிலும் வெளியேற்றுவதுண்டு. அவ்வளவு காலம் ஒரே உடலில் பெருகும் வைரஸ், கொடுக்கப்படும் மருந்துக்கு அடங்காத மாற்றங்களைப் பெறவும் வாய்ப்பு மிகுகிறது.

2009இல் எச்1என்1 கொள்ளைநோய் பரவியபோது இவ்வச்சம் மெய்யாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகர மருத்துவமனையின் இரத்தநோய்ப் பிரிவில், ஓசல்டாமிவிர் என்னும் இன்புளுயன்சா மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸ் எதிர்ப்பாற்றல் குன்றிய ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவருக்குப் பரவியது உறுதிசெய்யப்பட்டது. எதிர்ப்பாற்றல் குன்றியவர் நோய்க்கு எளிதில் ஆட்படுபவர் மட்டுமல்லர், தம் விருப்பமின்றியே நோயை நெடுங்காலம் பரப்பக்கூடியவரும் ஆவார் என்பதை அந்நிகழ்வு காட்டியது. மேலும், காய்ச்சலும் உடல்வலியும் பெரும்பாலும் எதிர்ப்பு மண்டலத்தின் செயல்பாட்டால் எழுபவை ஆதலால், அம்மண்டலம் ஓய்ந்தவரிடம் காய்ச்சலே தோன்றாமல் போகலாம். காய்ச்சலை மட்டும் நோக்கித் தனிமைப்படுத்தும் முறை அங்குப் பயனற்றுப் போகிறது.

சூழ்ந்திருப்போரின் எதிர்ப்பாற்றல்

தடுப்பூசியாலும் எதிர்ப்பாற்றல் குன்றியோர் போதிய எதிர்ப்பொருளைப் பெறுவதில்லை. முதியோரிடமும் இக்குறை உண்டு. ஆகவே, நோயாளியைத் தொட்டுப் பேணுவோருக்குத் தடுப்பூசி இடுவது பயன் தருமா என்னும் கேள்வி எழுந்தது. ஸ்காட்லாந்தின் முதியோர் மருத்துவமனைகளில் நடந்து 2000இல் வெளியான ஆய்வொன்றில், பணியாளர்க்குத் தடுப்பூசி வழங்கப்பட்ட இடங்களில் நோயாளிகளின் இறப்பு 13.6 விழுக்காடாகவும், வழங்கப்படாதவற்றில் 22.4 விழுக்காடாகவும் இருந்தது. அவ்வேறுபாடு முழுவதையும் இன்புளுயன்சாவின் கணக்கில் வைக்க இயலாது என்ற மாற்றுக் கருத்தும் ஆய்வுலகில் உண்டு. எனினும், பேணுவோரே நோயைக் கொண்டுவரும் வாயிலாகலாம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

தமிழகத்தில் இவ்வாயில் இன்னும் அகன்றது. ஒவ்வொரு நோயாளிக்கும் துணைக்கு இருப்பவர் ஒருவர் கட்டிலருகிலேயே உண்டு உறங்குவதும், உறவினர் திரளாக வந்து நலம் விசாரிப்பதும் இங்குள்ள வழக்கம். அன்பினால் நிகழும் இவ்வழக்கத்தைத் தடைசெய்வது இயலாததும் பொருந்தாததும் ஆகும்; துணையிருப்பவரையும் காப்பு ஏற்பாட்டின் ஓர் உறுப்பாக ஏற்று, அவருக்கு முகக்கவசமும் கைகழுவ வசதியும் தடுப்பூசியும் தருவதே முறை. இந்தியாவின் பல நகரங்களில் இன்புளுயன்சா தென்மேற்குப் பருவமழையின்போது உச்சமடைய, சென்னையிலும் வேலூரிலும் அது அக்டோபர், நவம்பர் மாதங்களில் உச்சமடைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. சாரலுக்கு அஞ்சிச் சன்னல்கள் சாத்தப்படும் காலமும் அதுவே. எனவே, தமிழகத்துக்கான தடுப்பூசி மழைக்கு முன்பே இடப்பட வேண்டும். பொதுக் கூடங்களில் நோயாளி ஒருவருக்கு நொடிக்கு 60 லிட்டர் காற்று கிடைக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2009இல் வகுத்த அளவு, மழைக்காலத்திலும் எட்டப்படும் வகையில் சன்னல்களும் காற்றுப்போக்கிகளும் அமைக்கப்பட வேண்டும்.

முடிவுரை

காரணம் அறியாத நிலையிலிருந்து வைரசையும், வைரசிலிருந்து எதிர்ப்பொருளையும், அதிலிருந்து காற்றையும், இறுதியில் சூழ்ந்திருக்கும் மனிதரையும் நோக்கி இவ்வறிவு வளர்ந்துள்ளது. ஆயினும் இவ்வறிவின் பயன் மாற்று அறுவைச் சிகிச்சை செய்யும் பெருநிறுவனங்களோடு நின்றுவிடலாகாது. சிங்கவரத்து நோயாளி முதலில் சேரும் வட்ட மருத்துவமனையின் பொதுக் கூடத்திலேயே அது தொடங்க வேண்டும். அங்குப் படுக்கைகளுக்கிடையே போதிய இடைவெளி, காற்றோட்டம், பணியாளர்க்கும் துணையிருப்போர்க்கும் உரிய காலத்தில் தடுப்பூசி, காய்ச்சலின்றி இருமும் நலிந்தோருக்கும் விரைவான பரிசோதனை ஆகிய நான்கும் உறுதிப்பட்டால், தம் உடலால் போராட இயலாதவர்களும் அவர்களுக்காக மற்றவர்கள் எழுப்பிய அரணுக்குள் நலம்பெற முடியும்.