எழுத்து தோற்று, திசை வென்றது

மவுஸை அழுத்திப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் கட்டளை நிறைவேறும் என்கிற உத்தி, 2001-இல் ஓபரா பிரவுசரோடு வந்ததாக நினைப்பவர்கள் உண்டு. பொதுமக்கள் கைக்கு வந்தது அப்போது. வரைபட மேசைக்கு அது அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. 1963-இல் ஐவன் சதர்லண்ட் எம்.ஐ.டி.யில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற வரைபட மென்பொருளில், ஒளிப்பேனாவைச் சட்டென்று சுண்டி எடுத்தால் வரைந்துகொண்டிருந்த கோடு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அறுபதுகளின் கடைசியில் ராண்ட் நிறுவனத்தின் கிரெய்ல் மென்பொருள், கையால் கோணலாகப் போட்ட கட்டத்தை நேரான கட்டமாக்கியது. மேலே கிறுக்கினால் அழித்தது. எழுபதுகளில் அமெரிக்காவின் அப்ளிகான் நிறுவனம், டேப்லெட்டில் பேனாவால் கீறும் குறிகளையே கட்டளையாக எடுத்துக்கொள்ளும் வரைபடக் கருவிகளை விற்றது. வரைபவரின் கண்ணும் கையும் படத்திலேயே கிடக்கின்றன; ஒவ்வொரு கட்டளைக்கும் பேனாவை வைத்துவிட்டு விசைப்பலகைக்குப் போய்த் திரும்புவது அவருக்குத் தொல்லை. சைகைக் கட்டளை அந்தத் தேவையில் பிறந்தது. ஆனால் அது நிலைத்தது, கையெழுத்தைப் போல இருக்கும் ஆசையை விட்டுவிட்டு வெறும் திசையாகச் சுருங்கிய பிறகுதான் என்பது என் கருத்து.

எழுத்து வழியின் உச்சம் மென்ட்டர் கிராஃபிக்ஸின் மின்சுற்று வடிவமைப்பு மென்பொருள். மவுஸின் நடுப் பட்டனை அழுத்தி வரையும் கோட்டின் மீது, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்களை மென்பொருள் மனக்கணக்காகப் போட்டுக்கொள்ளும். போன் பட்டன்களைப் போல அவற்றுக்கு 1 முதல் 9 வரை எண். கோடு எந்தெந்தக் கட்டம் வழியாகப் போகிறதோ அந்த எண் வரிசைதான் கட்டளை. ஆங்கில ‘டி’ (D) வரைந்தால் 741236987. அதற்குப் பொருள் ‘அழி’. சிறிதாக வரைந்தாலும் பெரிதாக வரைந்தாலும் வரிசை மாறாது. அழகான ஏற்பாடு, மறுக்கவில்லை. அதிலேயே பழகியவர்கள் அதை விட மனமில்லாமல் வைத்திருந்ததும் உண்மை. அப்படியானால் எழுத்து எங்கே தோற்றது என்று கேட்கலாம். கேள்விக்குறி வரைந்தால் உதவி வரும் என்று அந்த மென்பொருளிலேயே ஒரு குறி இருந்தது. அந்தக் குறியையும் யாராவது சொல்லித்தந்தால்தான் தெரியும். புதிதாக வருபவருக்குத் திரையில் எந்தத் துப்பும் இல்லை.

இந்தக் குறையைத் தீர்த்தவர்கள் டொராண்டோவைச் சேர்ந்த கார்டன் கர்ட்டன்பாக்கும் வில்லியம் பக்ஸ்டனும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர்கள் அமைத்த மார்க்கிங் மெனுவில், பட்டனை அழுத்திச் சுமார் மூன்றில் ஒரு விநாடி காத்திருந்தால் வட்டமாக மெனு விரியும். தெரிந்தவர் காத்திருக்காமல் அந்தத் திசையில் இழுத்துவிட்டுப் போகலாம். கற்பவரின் கையசைவும் தேர்ந்தவரின் கையசைவும் ஒன்றே. 1994-இல் வெளியான ஆய்வில், மெனுவைப் பார்த்துத் தேர்வதைவிட இழுப்பு சராசரியாக மூன்றரை மடங்கு வேகம் என்று கண்டார்கள். கவனித்தது இரண்டே பேரை, அதுவும் வரைபட மென்பொருளில் அல்ல. ஆகவே அந்த எண்ணை எல்லோர் தலையிலும் கட்ட முடியாது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: நீண்ட இடைவெளிக்குப் பிறகு திறமை மங்கியது, சீக்கிரமே திரும்பியும் வந்தது. என் வாதத்துக்கு வேகத்தைவிட இதுதான் முக்கியம். மறந்த எழுத்தை மென்பொருள் நினைவூட்டாது. மறந்த திசையை மெனு காட்டிவிடும். கர்ட்டன்பாக் பிறகு ஏலியஸ் நிறுவனத்துக்குப் போனார். 1998-இல் வந்த அதன் மாயா என்ற முப்பரிமாண மென்பொருளில் மார்க்கிங் மெனு இடம்பிடித்தது. சாலிட்ஒர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளின் 2010 பதிப்பு, வலது பட்டன் இழுப்புக்கு நான்கு அல்லது எட்டுத் திசைகள் தந்தது.

விசைப்பலகை இருக்க இதெல்லாம் எதற்கு என்பார்கள். ஆட்டோகேட் வரைபட மென்பொருளில் இடது கையால் கோட்டுக்கு எல், வட்டத்துக்கு சி என்று தட்டிப் பழகியவரை எந்த இழுப்பும் முந்தாது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் முப்பரிமாண வேலையில் பலருக்கு இடது கை, உருவத்தைச் சுழற்றும் தனிக் குமிழில் இருக்கிறது. ஸ்கெட்ச், பாகம், அசெம்ப்ளி, வரைபடம் என ஒவ்வொன்றுக்கும் அதே திசையில் வெவ்வேறு கட்டளை வைக்கவும் முடிகிறது. சாலிட்ஒர்க்ஸ் 2018-இல் பன்னிரண்டு திசைகள் வரை போனது. அது தேவையில்லாத தாராளம். பார்க்காமல் இழுக்கும்போது எட்டைத் தாண்டினால் தவறு கூடுகிறது என்பதை டொராண்டோ சோதனைகள் 1993-லேயே காட்டிவிட்டன. அமைப்புப் பெட்டியைத் திறப்பவர்கள் எட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.