களி ரெண்டு ஆழாக்கு

அம்மா போன பிறகு வந்த முதல் மார்கழி. அவள் அலமாரியில் அட்டை கிழிந்த 'சமைத்துப் பார்' கிடைத்தது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்டது. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். செய்முறை கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவரைப் புத்தகமாக எழுதத் தூண்டியவர், உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர்.

வேலைக்காகப் பம்பாய், தில்லி என்று குடும்பங்கள் பிரிந்துகொண்டிருந்த காலம். புதுப்பெண்ணுக்கு அடுப்படியில் சொல்லித்தர அம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை. அந்த இடத்தில் இந்தப் புத்தகம் போய் உட்கார்ந்தது. கல்யாணச் சீரோடும் போனது. நம் சமையல் நூல்களின் வரலாறு பாதிக்குமேல் பிரிவின் வரலாறுதான்.

அச்சில் 'பலம்' என்று இருந்த இடங்களில் அம்மா பென்சிலால் '35 கிராம்' என்று குறித்திருந்தாள். ஐம்பதுகளின் கடைசியில் மெட்ரிக் அளவு வந்ததன் தடம் அது. கடைசி வெற்றுப் பக்கத்தில் மட்டும் பழைய அளவு: 'திருவாதிரைக் களி, டீச்சர் வீட்டுக்கும் சேர்த்து ரெண்டு ஆழாக்கு.'

பக்கத்து வீட்டு டீச்சர். எங்கள் களித் தூக்கு கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கோடு திரும்பும். ஒருநாளும் வெறுமனே வந்ததில்லை.

இந்த வருஷம் நான் கிளறிக் கொண்டுபோனேன். ஒரு வாய் போட்டுவிட்டு டீச்சர் சொன்னார்: "உங்கம்மா வெல்லம் இன்னும் ஒரு பிடி போடுவாம்மா."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் வரிக்குக் கீழே அதை எழுதிவைத்தேன்.