கல்லூரி திறந்த டிசம்பர்: 700 பேருக்கு ஒரே மெஸ்

எங்க ஊர் கல்லங்குறிச்சி என்றால் ஊரார் நினைவுக்கு வருவது கலியுக வரதராசப் பெருமாள். நிலவியல் படிப்பவர்களுக்கோ சிப்பி. அரியலூர் வட்டாரக் கடல்படிவுப் பாறைகளில் ஒரு தொகுதிக்கே எங்க ஊர்ப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 7 கோடி வருஷத்துச் சுண்ணாம்புக்கல் அது. சுத்தியலும் பையுமாக வந்து இறங்கும் மாணவர்களை இந்தப் பக்கம் பார்க்கலாம். 2020 மார்ச் 17-ல் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் மூடியதும் அது நின்றுபோனது. பாறையை ஜூமில் தட்டிப் பார்க்க முடியாது இல்லையா?

அதனால்தானோ என்னவோ, அரசு முதலில் திரும்பக் கூப்பிட்டது அறிவியல், தொழில்நுட்ப ஆய்வு மாணவர்களையும் முதுநிலை இறுதியாண்டு மாணவர்களையும்தான். அவர்களுக்கு டிசம்பர் 2. இளநிலை இறுதியாண்டுக்கு டிசம்பர் 7. விடுதியில் அறைக்கு ஒருவர் மட்டும். அதற்கு முன்பே, நவம்பர் 5-ல், பல்கலைக்கழக மானியக் குழு விரிவான வழிகாட்டுதல் கொடுத்திருந்தது. ஒரு நேரத்தில் பாதி மாணவர்களுக்கு மேல் வளாகத்தில் இருக்கக் கூடாது, சாப்பாட்டு நேரத்தை நீட்டிக் கூட்டத்தைப் பிரிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. காகிதத்தில் ஓட்டை என்று பெரிதாக எதையும் சொல்ல முடியாது.

இரண்டே வாரம். டிசம்பர் 14 அன்று சென்னை ஐஐடியில் தொற்று உறுதியானவர்கள் 104 பேர். மறுநாளே 180-ஐத் தாண்டிவிட்டது. கிருஷ்ணா, ஜமுனா விடுதிகளில்தான் அதிகம். இத்தனைக்கும் விடுதிகளில் இருந்தவர்கள் மொத்தம் 700 சொச்சம் பேர்தான். கொள்ளளவில் பத்து சதவீதம். ஆளாளுக்குத் தனி அறை, பரந்த வளாகம், சுற்றிலும் மரம், மான். பிறகு எப்படி?

சந்தேகம் போய் நின்ற இடம் மெஸ். ஆட்கள் குறைவு என்பதால் எல்லோருக்கும் ஒரே மெஸ்தான் ஓடியது. தொற்று வந்தவர்களில் மெஸ் பணியாளர்களும் இருந்தார்கள். நாங்கள் மென்பொருளில் 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்று ஒன்றைச் சொல்வோம். பத்து சர்வர் வைத்திருந்தாலும், எல்லாம் ஒரே சுவிட்சில் மாட்டியிருந்தால் அந்தச் சுவிட்சுதான் உங்கள் விதி. அறைகளைப் பிரித்தார்கள், மூன்று வேளைச் சாப்பாட்டைப் பிரிக்கவில்லை. முகக்கவசத்தைக் கழற்றாமல் செய்ய முடியாத ஒரே பொதுக்காரியம் சாப்பிடுவது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு சாப்பாடு பொட்டலமாக அறைக்கே போனது. மாணவர்கள் பக்கத்திலேயே இருக்கும் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்க்கப்பட்டார்கள். (அந்தக் காலத்தில் அம்மைத் தடுப்பு மருந்து தயாரித்த நிறுவனம் அது.) மற்ற கல்லூரி விடுதிகளிலும் பரிசோதனை நடத்தச் சொன்னது சுகாதாரத் துறை.

அரியலூர்க்காரனான எனக்கு இது புதுக்கதை இல்லை. அதே வருஷம் மே 6 அன்று தமிழகத்தில் பதிவான 771 தொற்றுகளில் 188 எங்கள் மாவட்டத்தில். அப்போதும் காரணம் ஒரே கூடுமிடம்தான்: கோயம்பேடு. மாநிலமெங்கும் கடைகள் மூடிக் கிடக்க, காய்கறிக்கு ஒரு சந்தை மட்டும் பிதுங்கி வழிந்தது. அங்கே மூட்டை தூக்கிய எங்க பக்கத்து ஆட்கள் சந்தை மூடியதும் ஊர் திரும்பினார்கள். ஊரில் அவர்களைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். சந்தையை யாரும் திட்டவில்லை. மெஸ் பணியாளர்கள் விஷயத்திலும் அந்தப் பார்வை வந்துவிடக் கூடாது என்பது என் கவலை. அவர்களும் அதே கூடத்தில்தான் நின்றார்கள், அதுவும் மாணவர்களைவிட அதிக நேரம்.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. வாரம் இருமுறை எச்சில் பரிசோதனை, முடிவு செல்போன் செயலியில், அது பச்சை காட்டினால்தான் கட்டடத்துக்குள் அனுமதி. இயற்பியலாளர்கள் நைஜல் கோல்டன்ஃபெல்டும் செர்கெய் மாஸ்லோவும் கணினி மாதிரி எழுதிக் கொடுத்தார்கள். மாணவர்கள் பார்ட்டிக்குப் போவார்கள் என்பதைக்கூடக் கணக்கில் எடுத்திருந்தார்கள். தொற்று இருப்பது தெரிந்தே சிலர் போவார்கள் என்பது மட்டும் கணக்கில் இல்லை! எண்ணிக்கை எகிறியது, கெடுபிடியைக் கூட்டிய பிறகே இறங்கியது. கோடு எழுதுகிறவனாக அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது, நிறைய அனுதாபமும் வந்தது.

இங்கே 2021 பிப்ரவரி 8-ல் மற்ற ஆண்டு மாணவர்களும் வந்தார்கள். மார்ச் 23-லிருந்து பெரும்பாலான வகுப்புகள் மறுபடியும் ஆன்லைன். செப்டம்பர் 1-ல் திறந்தபோதுதான் கையில் தடுப்பூசி இருந்தது. அப்படியும் 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்து மீண்டும் கதவைச் சாத்தியது. அதே ஜனவரி 12-ல்தான் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறப்பு விழா. தமிழ்நாட்டின் 11 புதிய மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து, பிரதமர் டெல்லியில் இருந்தபடி காணொலியில் திறந்து வைத்தார்.