வகைக்கெழுச் சமன்பாடும் நம் கல்வி வரலாறும்

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் கணக்கைப் பற்றி ஒரு கட்டுரையா எனச் சிலர் வியக்கலாம். நாம் கணிதம் பயின்றவர் அல்லோம். வரலாற்றில் இளங்கலைப் பட்டமும் ஆசிரியப் பட்டமும் பெற்று அரசுப் பள்ளியில் பணியாற்றுபவர். ஆயினும், நம் மக்களின் கல்வி வரலாற்றை எழுதுவோர் எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்று எண்ணுகின்றனரேயன்றி, எந்தப் பாடத்தில் பெற்றனர் என எண்ணுவதில்லை. அவ்வாறு எண்ணத் தொடங்கினால் ஓரிடத்தில் கால் தடுக்கும். பொறியியல், இயற்பியல், மின்னியல் என எத்துறையில் உயரக் கருதினும், கல்லூரியின் தொடக்க ஆண்டுகளில் ஒரு வாயிற்படியைத் தாண்டியே தீரவேண்டும். அதன் பெயர் வகைக்கெழுச் சமன்பாடு.

பெயர் அச்சுறுத்தும், பொருள் அவ்வாறன்று. பள்ளிக் கணக்கில் தெரியாத எண்ணைக் கண்டுபிடிக்கிறோம். இங்கோ, ஒன்று எவ்வேகத்தில் மாறுகிறது என்பது மட்டும் தெரியும். அதைக்கொண்டு அது எந்நேரத்தில் எவ்வளவு இருக்கும் என்று கண்டறிய வேண்டும். காவிரிக்கரைப் பிள்ளைகளுக்கு விளங்கும் எடுத்துக்காட்டு ஒன்று: செங்குத்தான சுவர்களையுடைய தொட்டியில் 4 அடி நீர் நிற்கிறது. அடியிலுள்ள துளையைத் திறந்தால் முழுவதும் வடிய ஒரு மணி நேரம் ஆகிறது எனக் கொள்வோம். அரை மணியில் எவ்வளவு வடிந்திருக்கும்? 2 அடி என்பர் பலர். உண்மையில் 3 அடி வடிந்திருக்கும். எஞ்சிய 1 அடிக்கு மறு அரை மணி ஆகும். நீரின் உயரம் குறையக் குறைய, அது வெளியேறும் வேகமும் குறைகிறது. அவ்வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என இத்தாலியர் டாரிசெல்லி 17ஆம் நூற்றாண்டிலேயே கண்டார். இவ்வொரு வரியைச் சமன்பாடாக்கித் தீர்த்தால் மேற்சொன்ன விடை வந்துவிடும். வட்டிக்கு வட்டி ஏறும் கடனும் இவ்வினத்ததே: கடன் பெருகும் வேகம் கடனின் அளவையே பொறுத்தது. இந்தச் சமன்பாட்டை நம் முன்னோர் எழுதிப் படிக்கவில்லை, முதுகில் சுமந்தனர்.

நியூட்டனும் லைப்னிட்சும் 1660களிலும் 1670களிலும் இக்கணிதத்திற்கு அடிகோலினர். பெர்னோலி உடன்பிறந்தார், கிளைரோ, ஆய்லர் ஆகியோர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டிலும் அதை வளர்த்தனர். இன்றைய தேர்வுத் தாள்களில் இவர்கள் பெயரிலேயே சமன்பாடுகள் வருகின்றன. இவர்களை விரைந்து கடந்து, நம் இளைஞர் அறியவேண்டிய ஒருவரிடம் நிற்போம்.

ஜார்ஜ் பூல் 1815இல் இங்கிலாந்தில் லிங்கன் நகரில் பிறந்தார். தந்தை காலணி தைப்பவர். தொழிலைவிடத் தொலைநோக்கி செய்வதில் நாட்டம் மிக்கவர். கடை நொடித்தது. மகன் 16 வயதில் துணையாசிரியராகிக் குடும்பத்தைத் தாங்கினார். 19 வயதில் தாமே ஒரு பள்ளி தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றதே இல்லை. லாக்ருவா என்னும் பிரெஞ்சு ஆசிரியரின் நுண்கணித நூலைக் கற்பிப்பார் துணையின்றித் தாமே கற்றார். 1844இல் வெளியிட்ட ஆய்வுக்காக இராயல் சொசைட்டியின் பதக்கம் பெற்றார். 1849இல் அயர்லாந்தின் கார்க் நகரக் கல்லூரியில் முதல் கணிதப் பேராசிரியரானார். 1859இல் வகைக்கெழுச் சமன்பாடுகள் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். ‘டி’ என்னும் ஒற்றை எழுத்தை ஓர் எண்ணைப்போல் பாவித்து, காரணிப்படுத்தி, கடினமான சமன்பாட்டை எளிதில் தீர்க்கும் முறையை நம் கல்லூரி மாணவர் இன்றும் பயில்கின்றனர். அம்முறையை வளர்த்தவருள் பூல் தலையாயவர். 1864இல் மழையில் நனைந்தவாறு நடந்துசென்று, ஈர உடையுடன் பாடம் நடத்தியதால் காய்ச்சல் கண்டு இறந்தார்.

இவ்வரலாற்றைச் சொல்லி ‘நீங்களும் முயலுங்கள்’ என்று முடித்துவிடுவோர் உண்டு. அது பாதி உண்மை. தோல் தைப்பவர் மகன் என்பதற்காகப் பூலின் கை பட்ட பலகையை எவரும் கழுவவில்லை. அவருடைய ஊரில் வறுமை இருந்தது, தீண்டாமை இல்லை.

நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவர், ஒரு கணக்கைப் போடுமாறு மாணவர் அம்பேத்கரைக் கரும்பலகைக்கு அழைத்தார். பலகையின் பின்னே சாதி இந்துப் பிள்ளைகளின் உணவுப் பாத்திரங்கள் இருந்தன. அவர் பலகையைத் தொடுமுன் பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடிப் பாத்திரங்களை அகற்றினர் என அவர் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அம்மாணவரே 1942இல் வைசிராயின் நிருவாக அவையில் உறுப்பினராகி, பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கும் விண்ணப்பம் ஒன்றை அரசுக்கு அளித்தார். அதில் அவர் வேண்டியது நம்மவர் பலரும் மறந்துவிட்ட செய்தி. கலைப் பட்டமும் சட்டப் பட்டமும் நம் மக்களுக்குப் பெரும்பயன் தாரா. உயர்நிலை அறிவியலும் தொழில்நுட்பமுமே தேவை. அதற்குப் பொருள் ஒதுக்குக என்றார். தாமே பொருளியலும் சட்டமும் கற்றுச் சிறந்தவர் இவ்வாறு சொன்னது எண்ணத்தக்கது. 1944இல் மெட்ரிக்குலேஷனுக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. கலைப் பட்டதாரியாகிய நமக்கும் அவ்விண்ணப்பம் சற்றுச் சுடத்தான் செய்கிறது.

சென்னை மாகாணத்தில் வகுப்புரிமை ஆணையின்படி 14 இடங்களில் 2 இடங்கள் ஆதிதிராவிடர்க்கு உரியனவாயிருந்தன. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்சநீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாதென்றது. உடன் விசாரிக்கப்பட்ட மற்றொரு வழக்கு பொறியியல் கல்லூரி இடம் பற்றியதேயாகும். அவ்வாண்டிலேயே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பொறியியல் வகுப்பறையின் கதவு, சட்டத்தின் அளவில், மீண்டும் திறந்தது.

திருச்சிராப்பள்ளியில் கல்லூரிக் கணிதத்திற்குப் பழம்பெருமை உண்டு. 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு வந்தது. பாரிசில் புகழ்பெற்ற எலி கார்த்தானிடம் ஆய்ந்து பட்டம் பெற்ற அருட்தந்தை ராசீன் 1937இல் இந்தியா வந்து, முதலில் கற்பித்தது இக்கல்லூரியிலேயாம். பின்னர்ச் சென்னை இலயோலா சென்று நாடறிந்த கணித அறிஞர் பலரை உருவாக்கினார். தேசியக் கல்லூரி 1919இலும், வட்டாரப் பொறியியல் கல்லூரி 1964இலும், பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982இலும் தோன்றின. முசிறியிலேயே அரசு கலைக் கல்லூரி அமைந்தபின், பேருந்துக் கட்டணமும் விடுதிச் செலவும் தடையாயிருந்த பிள்ளைகளுக்கும் வழி பிறந்தது.

கல்லூரி அருகில் வந்தும் எஞ்சி நின்ற தடை மொழி. பதினோராண்டுகள் தமிழில் கற்றவன் புகுமுக வகுப்பில் ஒரே ஆண்டில் ஆங்கிலக் கணிதத்தை விழுங்க வேண்டியிருந்தது. எஸ். நாராயணன், மாணிக்கவாசகம் பிள்ளை ஆகியோரின் பாடநூல்கள் தலைமுறைகளாகக் கல்லூரிகளில் பயிலப்பட்டவை; நல்ல நூல்கள்; ஆனால் ஆங்கிலத்தவை. கல்லூரிப் பாடங்களுக்கு அரசு சார்பில் தமிழ் நூல்கள் வெளிவந்தன. வகுப்பறையில் அவை ஆங்கில நூல்களின் இடத்தைப் பிடிக்கவில்லை. 1978இல் புகுமுக வகுப்பு நீங்கி மேனிலைக் கல்வி வந்ததை நாம் பெருந்திருப்பமாகக் கருதுகிறோம். அதன்பின் நுண்கணிதத்தைத் தமிழிலேயே, தன் ஊர் அரசுப் பள்ளியிலேயே, கட்டணமின்றிக் கற்க இயன்றது. பன்னிரண்டாம் வகுப்பின் இன்றைய பாடநூலில் பத்தாம் இயல் வகைக்கெழுச் சமன்பாடே. அந்நூலின் இறுதி இயலில் வரும் ‘பூலியன் அணிகள்’ என்பவை நாம் மேலே சொன்ன காலணி தைப்பவர் மகனின் பெயரைத் தாங்கியவை.

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழியில் பொறியியல் வகுப்புகளைத் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்தது. எனினும், கல்லூரி புகுந்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலர் தொடக்கப் பருவக் கணிதத் தாள்களில் ‘அரியர்’ வைத்துத் துவள்வதைக் காண்கிறோம். அவர்களுள் சிலரை அமர்த்தி வினவினோம். கணக்கு தெரியாமையன்று, சொல் தெரியாமையே பெரிது. ‘வரிசை’ என்று படித்ததை அங்கே ‘ஆர்டர்’ என்கின்றனர். ‘படி’ என்பது ‘டிகிரி’ ஆகிறது. டிகிரி என்றால் பட்டம், காய்ச்சல் அளவு, கும்பகோணத்துக் காபி என்று மட்டும் அறிந்த பிள்ளை திகைக்கிறது. ‘தொகையீட்டுக் காரணி’யைத் தமிழில் பிழையின்றிக் கண்டுபிடிப்பவன், ‘இன்டக்ரேட்டிங் ஃபேக்டர்’ என்று கேட்டதும் கை கட்டி உட்கார்ந்துவிடுகிறான்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை இரண்டு திங்களுக்குமேல் இடைவெளி உள்ளது. அக்காலத்தில் நம் சங்கத்தின் மாலை வகுப்பில் இச்சொற்களை இரு மொழியிலும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கணக்குப் போட்டுக்காட்டலாம். அடிப்படைச் சொற்கள் நாற்பதுக்கு மேல் இரா. கல்லூரிகளில் கணிதம் பயிலும் நம் மூத்த மாணவர் இருவர் முன்வந்தால் போதும்; முதற்கணக்காகத் தொட்டி நீரையே வைத்துக்கொள்ளட்டும்.