பேரேட்டில் நான்கு பெண்கள்

வீட்டு வரி ரசீதை நாம் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. கட்டவேண்டிய தொகை எவ்வளவு, கடைசி நாள் எது, அவ்வளவுதான். போன தடவையைவிட ஏறியிருந்தால் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவோம். பக்கத்து வீட்டு ரசீதை வாங்கி நம்முடையதோடு வைத்துப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்த்த இரண்டு கிழவிகளைப் பற்றியது இக்கட்டுரை.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கிளாஸ்டன்பரி என்றொரு ஊர். 1873-இல் அங்கே ஜூலியா ஸ்மித்துக்கு 81 வயது, தங்கை ஆபிக்கு 76. ஐந்து சகோதரிகளில் அப்போது மிஞ்சியிருந்தவர்கள் இவர்கள் இருவர்தான். மணம் செய்துகொள்ளாதவர்கள், பெற்றோரின் பண்ணையைத் தாங்களே நடத்தியவர்கள், ஊரில் அதிக வரி கட்டுவோர் வரிசையில் இருந்தவர்கள். தாய் ஹன்னா அடிமைமுறைக்கு எதிராக ஊர்ப் பெண்களிடம் கையெழுத்து வாங்கி மனு அனுப்பியவர். ஜூலியா கிரேக்கமும் எபிரேயமும் லத்தீனும் கற்று முழு பைபிளையும் தனியாளாக மொழிபெயர்த்து வைத்திருந்தார். அது 1876-இல் அச்சானது. எழுத்தை எழுத்தாகப் படிக்கும் பழக்கம் அந்த வீட்டில் இருந்தது.

அந்த ஆண்டு அவர்கள் சொத்தின் வரி மதிப்பு உயர்ந்திருந்தது. விசாரித்தார்கள். ஊரில் அவர்களைத் தவிர இரண்டு விதவைகளின் சொத்துக்கும் மதிப்பு கூடியிருந்தது. ஆண்கள் ஒருவருடையதும் கூடவில்லை.

இங்கே சற்று நிற்க வேண்டும். வரியில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று விகிதம், மற்றது மதிப்பு. நியூ இங்கிலாந்து ஊர்களில் விகிதத்தை ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். ஆயிரம் டாலர் மதிப்புக்கு இத்தனை டாலர் என்று கைதூக்கி நிறைவேற்றுவார்கள். அது ஏறினால் எல்லோருக்கும் ஏறும், எல்லோரும் சத்தம் போடுவார்கள். மதிப்பு அப்படியல்ல. ஊர் தேர்ந்தெடுத்த மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, ஒவ்வொரு நிலத்துக்கும் வீட்டுக்கும் மாட்டுக்கும் ஒரு தொகை எழுதுவார்கள். ஒருத்தியின் வரியை மட்டும் உயர்த்த வேண்டுமானால் விகிதத்தைத் தொட வேண்டியதில்லை, அவள் பெயருக்கு எதிரே இருக்கும் எண்ணை மாற்றினால் போதும். அவள் தன் வரியை மட்டும் படித்தால், நிலத்தின் விலை ஏறிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிக்கொள்வாள். மொத்தப் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் படித்தால்தான் அது விலையேற்றம் இல்லை என்பது புரியும். அந்த மதிப்பீட்டாளர்களைத் தேர்ந்தெடுத்தவர்களில் பெண் ஒருத்தியும் கிடையாது. பெண்ணுக்கு ஊர்க்கூட்டத்தில் வாக்கில்லை.

1873 நவம்பரில் ஆபி ஊர்க்கூட்டத்துக்குப் போய் ஆண்கள் முன்னால் எழுந்து பேசினார். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்று சொல்லி பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டி அப்போது சரியாக நூறாண்டு. அந்த நியாயம் எங்களுக்கு மட்டும் ஏன் பொருந்தாது என்பதே அவர் கேள்வி. பதில் வரவில்லை. வாக்கு தராதவரை வரி கட்டமாட்டோம் என்று சகோதரிகள் அறிவித்தார்கள்.

1874 ஜனவரியில் அவர்களுடைய எட்டு மாடுகளில் ஏழை ஜப்தி செய்து ஏலம் விட்டார்கள். தங்கள் மாடுகளில் நான்கைச் சகோதரிகளே ஏலத்தில் திரும்ப வாங்கினார்கள். அடுத்த ஊர்க்கூட்டத்தில் ஆபிக்குப் பேச அனுமதி மறுக்கப்பட்டது. வெளியே நின்ற மாட்டுவண்டியில் ஏறி நின்று பேசினார். பத்திரிகைகள் மாடுகளை விரும்பின, செய்தி நாடெங்கும் பரவியது. இன்றும் இந்தக் கதையை வேடிக்கைக் கதையாகவே சொல்கிறார்கள்: பிடிவாதக் கிழவிகள், அவர்களுடைய மாடுகள். வேடிக்கை மாடுகளோடு முடிந்துவிட்டது, அடுத்து வந்தது நிலம்.

அதே ஆண்டு ஜூன் மாதம், சுமார் 50 டாலர் பாக்கிக்காக, ஏறக்குறைய 2,000 டாலர் பெறுமான 15 ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை ஏலம் போட்டார்கள். அடிமாட்டு விலைக்கு அதை எடுத்தவர் பக்கத்து நிலக்காரர். சகோதரிகள் மறுபடி படிக்க உட்கார்ந்தார்கள், இம்முறை சட்டத்தை. வரி பாக்கிக்கு முதலில் அசையும் பொருளைத்தான் எடுக்க வேண்டும், அது போதாதபோதுதான் நிலத்தில் கை வைக்கலாம் என்று சட்டம் சொன்னது. எடுக்கக்கூடிய பொருள் அவர்களிடம் வேண்டிய மட்டும் இருந்தது. வழக்குப் போட்டார்கள். வென்று, பிறகு தோற்று, கடைசியில் 1876-இல் வென்றார்கள். பெண்ணுக்கு வாக்கு உண்டா என்ற கேள்வியை நீதிமன்றம் தொடவில்லை. ஜப்தியின் வரிசை தவறு என்பதே வெற்றி.

இவர்களைக் கொண்டாடும்போது ஒன்று எனக்கு உறுத்துகிறது. வரி கட்டுகிறேன், ஆகவே வாக்குத் தா என்ற வாதம், பேரேட்டில் பெயரே இல்லாதவளை எங்கே நிறுத்துகிறது? ஸ்மித் சகோதரிகளின் பெயர் பேரேட்டில் இருந்ததற்கு முதற்காரணம் அவர்கள் மணமாகாமல் இருந்தது. அந்த விதவைகளின் பெயர் இருந்ததற்குக் காரணம் கணவன் இறந்தது.

நம் ஊர் வரலாறு இதைத் தலைகீழாகக் காட்டுகிறது. சென்னை மாகாண சட்டமன்றம் 1921-இல், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக, பெண் என்பதால் வாக்கில்லை என்ற தடையை நீக்கியது. ஆனால் வாக்காளர் தகுதி சொத்தையும் வரியையும் சார்ந்திருந்தது. கிளாஸ்டன்பரியில் பேரேட்டில் பெயர் இருந்தது, வாக்கு இல்லை. சென்னையில் வாக்குக்குத் தடை இல்லை, பேரேட்டில் பெயர் இல்லை. பெயர் வர வேண்டுமானால் சொத்து வர வேண்டும். கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலப் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 ஆயிற்று. அதற்குள் 1949-இல் இயற்றிய அரசியலமைப்பு எல்லோருக்கும் வாக்குரிமை தந்துவிட்டது. பேரேட்டைக் கடக்காமலேயே நம் பாட்டிகள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். பெயர்கள் மட்டும் பேரேட்டில் ஏறவில்லை. அவள் உழைப்பில் எழுந்த வீட்டுக்கு வரும் ரசீதில் இறந்துபோன மாமனார் பெயரே இன்னும் அச்சாகிக்கொண்டிருப்பதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்!

ஆபி 1878-இல் இறந்தார். அதற்கு முந்திய ஆண்டே ஜூலியா, பத்திரிகைச் செய்திகளையும் கடிதங்களையும் வழக்கின் விவரத்தையும் சேர்த்து, ஆபியும் அவள் மாடுகளும் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலாக வெளியிட்டிருந்தார். அவர்கள் வீட்டில் பின்னால் வளர்ந்த இரண்டு மாடுகளில் ஒன்றின் பெயர் டாக்ஸி, வரி. மற்றதன் பெயர் வோட்டி, வாக்கு. ஜூலியா 1886 வரை இருந்தார். கனெக்டிகட் பெண்கள் வாக்களிக்க 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.